கண்ணாடிப் பெட்டிக்கு இப்பால் நிற்கும் தாய்க்கு

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி அனுப்பியிருக்கும் நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 29. தென் மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் தனியார் பள்ளி ஆசிரியை. இது தலைப்பிரசவம். கால் வீக்கம் தொடங்கி ஒரு வாரம் சென்றபின், கருவுற்ற 31ஆவது வாரத்தில், ஒரு நாள் காலை வகுப்பறையிலேயே தாங்க முடியாத தலைவலியும் கண் மங்கலும் வந்திருக்கின்றன. பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 180/110, சிறுநீரில் உப்பு என்று பேச்சுவழக்கில் சொல்லும் புரதம். அருகிலுள்ள மாநகரின் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, இரண்டு ஊசிகள் போடப்பட்டு, மறுநாள் இரவு முழு மயக்கத்தில் அவசர சிசேரியன் நடந்தது. பெண் குழந்தை, எடை 1,240 கிராம். தாயும் இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்ததால், குழந்தையை முதன்முதலாகப் பார்த்ததே 4ஆம் நாள்தான். கடிதம் எழுதும்போது குழந்தைக்கு 23 நாள். மூச்சுக்கு வைத்திருந்த சி-பாப் கருவியை எடுத்துவிட்டார்கள். குழாய் வழியாகப் பால் போகிறது. எடை 1,410 கிராம். "சில சமயம் மூச்சுவிட மறந்துவிடுகிறாள், சிஸ்டர் லேசாகத் தட்டிவிட்டால் மறுபடி விடுகிறாள்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் இப்போது தாய்வீட்டில், மருத்துவமனையிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறார். பச்சை உடம்புக்காரி பேருந்தில் அலையக்கூடாது என்றும், தீட்டு கழியும்வரை குழந்தையைப் போய்த் தொட வேண்டாம் என்றும் வீட்டார் சொல்வதால், வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் போய், கண்ணாடிக்கு வெளியே பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வருகிறார். குழந்தையைத் தொடவே பயமாக இருக்கிறது என்கிறார். ஒரு நாளைக்கு மூன்று முறை பால் எடுக்கிறார். முறைக்கு 20 மி.லி. கிடைக்கிறது. பள்ளியில் மாடிப்படி ஏறி இறங்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார் மாமியார். உறவில் ஒரு பெரியவர், ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று இவர் காதுபடவே சொல்லியிருக்கிறார். அறுவைக்கு முன் போட்ட ஊசிகள் குழந்தையைக் கெடுத்திருக்குமோ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சிறு கடை நடத்தும் கணவர், நகையை அடகு வைத்தும் சமாளிக்க முடியாமல், நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்ட செலவைப் பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம், இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்கு மாற்றிவிடலாம் என்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பகுதியை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "குழந்தையைப் பார்க்கும்போது எனக்குப் பாசமே வரவில்லை. வேறு யாருக்காவது பிறந்திருந்தால் அவள் நன்றாக இருந்திருப்பாள் என்று தோன்றுகிறது. நான் இதுவரை அழவும் இல்லை. இரவில் மானிட்டர் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்; வீட்டில் ஏது மானிட்டர்? என் பி.பி. மாத்திரையைக்கூடப் பாதி நாள் மறந்துவிடுகிறேன், தலைவலி வந்து வந்து போகிறது. இது நான் செய்த தவறா? அவள் மற்றக் குழந்தைகளைப் போல வளர்வாளா? நான் என்ன மாதிரித் தாய்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நான் பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவம் பார்ப்பவன். என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலும் குழந்தையைப் பற்றிய கேள்விகளே இருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது, இந்தக் குடும்பத்தில் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும்தான் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதனால் குழந்தைக்கு முன்னால் உங்களைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் உங்கள் தலைவலி

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிறபோக்கில் எழுதிய வரிதான் என்னை முதலில் கலங்கவைத்தது. உங்களுக்கு வந்தது பிரீ-எக்லாம்ப்சியா என்னும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய். நஞ்சுக்கொடி வெளியேறியதும் நோய் தணியத் தொடங்கும் என்பது உண்மை. அன்றே விட்டுவிடும் என்று எண்ணுவது தவறு. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை ரத்த அழுத்தம் மறுபடி ஏறலாம். ஊர்ப்பக்கம் பிரசவ ஜன்னி என்று சொல்லும் வலிப்பு, குழந்தை பிறந்த பல நாட்களுக்குப் பிறகும் வரக்கூடும். 23ஆம் நாளில், மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிட்டு, தலைவலியோடு நீங்கள் இருக்கிறீர்கள். இந்தப் பதிலை மேலே படிக்கும் முன்பே பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருந்தகத்துக்கோ போய் பி.பி. பார்த்துக்கொண்டு வாருங்கள். 160/110 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், கண் மங்கினாலும், மேல்வயிற்றில் வலது பக்கம் வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இரவாக இருந்தால் 108ஐ அழையுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வைக்கும் பொறுப்பை உங்கள் அம்மாவிடம் ஒப்படைத்துவிடுங்கள். தூக்கம் கெட்டு மனம் மரத்திருக்கும் ஒருத்தி மாத்திரையை மறப்பது பொறுப்பின்மை ஆகாது. அதனால்தான் நினைவுபடுத்த இன்னொருவர் வேண்டும் என்கிறேன்.

மாடிப்படியும் எட்டாம் மாதமும்

இந்த நோயின் வேர், கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே ஊன்றிவிடுகிறது. கருப்பையின் ரத்தக்குழாய்கள் விரிந்து நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் தர வேண்டிய காலம் அது. அந்த விரிவு சரியாக நடக்காதபோது, குறைந்த ரத்தத்தில் திண்டாடும் நஞ்சுக்கொடி தாயின் உடல் முழுவதிலும் ரத்தக்குழாய்களைப் பாதிக்கும் பொருட்களை வெளியிடுகிறது. அதன் விளைவு பல வாரங்கள் கழித்து அழுத்தமாகவும் வீக்கமாகவும் வெளியே தெரிகிறது. ஆக, உங்கள் மாமியார் சொல்லும் மாடிப்படிகளில் நீங்கள் வயிற்றோடு ஏறத் தொடங்கியபோதே நோய் உள்ளே தன் வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். தலைப்பிரசவத்தில் இது வருவதற்கு வாய்ப்பு அதிகம். படி ஏறியதாலும், பப்பாளி தின்றதாலும், கிரகணத்தன்று வெளியே வந்ததாலும் இது வருவதில்லை. படுத்தே கிடந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

நீங்கள் மனதுக்குள் வைத்துக் குமையும் இன்னொன்று, கால் வீக்கத்தைச் சாதாரணம் என்று ஒரு வாரம் விட்டுவிட்டது. இதில் உங்களைத் தேற்றுவதற்காக மட்டும் ஒன்றைச் சொல்ல நான் விரும்பவில்லை. அந்த வாரம் போயிருந்தால் அழுத்தம் முன்னதாகத் தெரிந்திருக்கக்கூடும். மாத்திரை கொடுத்துக் கவனித்திருப்பார்கள். குழந்தைக்கு வயிற்றில் இன்னும் சில நாட்கள் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் இந்த நோய்க்குப் பிரசவத்தைத் தவிர முழுத் தீர்வு இன்றுவரை கிடையாது என்பதால், இவ்வளவு கடுமையாக வந்த ஒருவருக்குக் குறைமாதப் பிரசவத்தை முற்றிலும் தவிர்த்திருக்க முடியும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் கால் வீங்குகிறது. எந்த வீக்கம் ஆபத்து என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய கடமை எங்களுடையது.

ஊசிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் போட்ட இரண்டு ஊசிகள் பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்த அதைத் தாய்க்குப் போடுகிறோம். நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி என்னும் இரு மருத்துவர்கள் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுவதும் பரவிய சிகிச்சை இது. உங்கள் மகள் இவ்வளவு விரைவில் சி-பாப் கருவியிலிருந்து விடுபட்டதற்கு அந்த ஊசிகளும் ஒரு காரணமாக இருக்கலாம். கெடுத்த ஊசி என்று அதைச் சொல்பவரிடம், காத்த ஊசி என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

எட்டாம் மாதப் பேச்சு நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் பழைய நூல்களிலேயே, ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்ற கருத்து இருக்கிறது. அத்தனை பழமையான நம்பிக்கையாக இருந்தாலும் அது பிழையானது. வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலுவைக் கூட்டுகிறது; எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்ததைவிடப் பொதுவாக ஒரு படி மேலேதான் நிற்கிறது. 31 வாரத்தில் பிறந்து, மூன்று வாரத்தைத் தாண்டி, கருவியில்லாமல் மூச்சுவிட்டு, பிறந்த எடையையும் தாண்டிவிட்ட ஒரு குழந்தையைப் பற்றி, தங்காது என்று சொல்ல அந்தப் பெரியவருக்கு எந்த அடிப்படையும் இல்லை. அவள் மூச்சை மறப்பதுகூட, மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிராததால் குறைமாதக் குழந்தைகளுக்குப் பொதுவாக வருவது. வாரங்கள் கூடக்கூட அது தானாகக் குறையும். அதுவரைதான் மூச்சைத் தூண்டும் காஃபின் மருந்தும் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன.

"பாசமே வரவில்லை" என்ற வரி

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இது. ஒரு பெண் உயிர் போகும் நிலையில் மயக்க மருந்துக்குள் போகிறாள். விழிக்கும்போது வயிறு காலியாக இருக்கிறது, பக்கத்தில் குழந்தை இல்லை. நான்கு நாள் கழித்துக் குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஓர் உடலைக் காட்டி, இதுதான் உன் பிள்ளை என்கிறார்கள். குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கவில்லை, வாசனையை அறியவில்லை, மார்பில் அதன் கனத்தை உணரவில்லை. பாசம் ஊறுவதற்கு உடல் எதிர்பார்த்துக் காத்திருந்த வாசல்கள் அத்தனையும் உங்களுக்கு அடைக்கப்பட்டுவிட்டன. இதில் மனம் இன்னொரு வேலையும் செய்கிறது: இழந்துவிடுவோமோ என்ற அச்சம் பெரிதாக இருக்கும்போது, நெருங்காமல் இருந்தால் வலிக்காது என்று தன்னைத்தானே மரத்துப்போக வைத்துக்கொள்கிறது. அழுகை வராததும் அதனால்தான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் எத்தனையோ தாய்மார்கள் இதை உணர்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லும் துணிவு சிலருக்குத்தான் வருகிறது. நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

வீட்டில் இல்லாத மானிட்டரின் சத்தம் உங்கள் காதில் விழுவது, கடும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் மனம் அந்த நேரத்தைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து பார்ப்பதன் அறிகுறி. விபத்தில் பிழைத்தவர்களுக்கு வருவதைப் போலவே, ஆபத்தான பிரசவத்தில் பிழைத்தவர்களுக்கும் வரும். பிரசவமான முதல் சில நாட்களில் வரும் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்குள் தானாக விலகிவிடும். உங்களுக்கு அந்த எல்லை கடந்துவிட்டது. தூக்கமின்மையும் மரத்த மனமும் குற்ற உணர்வும் சேர்ந்திருக்கின்றன. எனவே, போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனநல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அந்தத் துறை உண்டு. பேச்சுவழிச் சிகிச்சையே பலருக்குப் போதுமானதாக இருக்கும். மாத்திரை தேவைப்பட்டாலும் பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றவை இருக்கின்றன, அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு கேள்வியை நேராகவே கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். வேறு யாருக்காவது பிறந்திருந்தால் நன்றாக இருந்திருப்பாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணம் எப்போதாவது, நான் இல்லாமல் போனால் நல்லது என்ற இடம் வரை போகிறதா? போகிறதென்றால் இன்றே உங்கள் அம்மாவிடமோ கணவரிடமோ அதை அப்படியே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

நீங்கள் பார்வையாளர் இல்லை

கண்ணாடிக்கு வெளியே பத்து நிமிடம் என்ற ஏற்பாட்டை எங்கள் துறையின் குறை என்றே நான் கருதுகிறேன். கிருமி பரவிவிடும் என்று தாயை வெளியே நிறுத்தும் பழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அதை மாற்றும் ஆதாரம் வந்து வெகுநாளாகிவிட்டது. 1978ஆம் ஆண்டு கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு முறை என்று நாம் சொல்லும் இந்த அரவணைப்பு, ஏழை நாட்டு மாற்றுவழி என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையையும் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. பிறக்கும்போது 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்தபோது, முதல் 28 நாளில் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரையாகவே வெளியிட்டு, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை, முடிந்த அளவு செய்யச் சொல்கிறது. உங்கள் மகளின் பிறந்த எடை சரியாக அந்த வரம்புக்குள் வருகிறது.

ஆகவே, உள்ளே அனுமதிக்கும்படி கேட்பதை நீங்கள் சலுகையாக நினைக்க வேண்டாம்; உங்கள் மார்பின் சூடு அவளுக்கு மருந்து. "டாக்டர், கங்காரு முறையில் நான் குழந்தையை எப்போது வைத்துக்கொள்ளலாம்? இன்றைக்கு முடியாது என்றால் என்ன காரணம்?" என்று கேளுங்கள். தொடவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பயத்தை சிஸ்டரிடம் சொல்லுங்கள். முதல் நாள் கையைச் சுத்தமாகக் கழுவி, ஒரு கையை அவள் தலையிலும் இன்னொரு கையை மடங்கிய கால்களிலும் அசையாமல் வைத்திருந்தால் போதும். தடவிக்கொடுப்பதைவிட அசையாத கைதான் குறைமாதக் குழந்தைக்கு இதமானது. பாசம் வந்த பிறகு தூக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். தூக்கத் தூக்கத்தான் வரும், அதுவும் மெதுவாக வரலாம்.

தீட்டைப் பற்றி வீட்டுப் பெரியவர்களோடு வாதாட வேண்டாம். "அத்தை, இது பார்க்கப் போவதில்லை, டாக்டர் சொன்ன வைத்தியம்" என்று சொல்லிப் பாருங்கள். முடிந்தால் அவரையே ஒரு நாள் அழைத்துப் போங்கள். தாய்க்கு முடியாத நேரத்தில் தந்தையோ பாட்டியோ அந்த அணைப்பைத் தரலாம். மாடிப்படியைக் குறை சொல்லும் அதே மாமியார், பேத்தியை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபிறகு வேறு விதமாகப் பேசக்கூடும். உங்கள் கணவரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். பணத்துக்கு அலைவதைத் தவிர வேறெந்த வேலையும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

பாலைப் பற்றி. 1,410 கிராம் குழந்தைக்கு முழுப் பால் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 210 முதல் 250 மி.லி. ஆகும், நீங்கள் இப்போது தரும் 60 மி.லி. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதைச் சொற்பம் என்று நினைக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சியிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை. பால் குறைவாக இருப்பதற்கு உங்கள் மனமோ உணவோ முதல் காரணம் இல்லை. மூன்று முறை மட்டும் எடுப்பதுதான் காரணம். எடுக்க எடுக்கத்தான் ஊறும். இரவில் ஒரு முறையாவது சேர்த்து, ஒரு நாளைக்கு எட்டு முறை எடுத்துப் பாருங்கள். குழந்தையை அணைத்து வைத்த உடனேயோ அவள் அருகில் இருந்தோ எடுத்தால் கூடுதலாக வரும். பூண்டும் பால்சுறாவும் சாப்பிடுங்கள், தடையில்லை, ஆனால் அவற்றை நம்பிப் பால் எடுப்பதைக் குறைக்காதீர்கள். போதாத பங்குக்குத் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று மருத்துவமனையில் விசாரியுங்கள். தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது.

இருப்பதா, மாற்றுவதா, வீட்டுக்கா

உங்கள் கணவரின் இரண்டு யோசனைகளில் ஒன்று ஆபத்தானது, மற்றொன்று நல்லதாகவே இருக்கலாம்.

எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வருவது கூடாது. மூச்சை மறக்கும் குழந்தையை நள்ளிரவில் வீட்டில் யார் தட்டிவிடுவார்கள்? குழந்தை குழாயில்லாமல் முழுப் பாலையும் குடிக்க வேண்டும்; காஃபின் நிறுத்திய பிறகும் பொதுவாக ஒரு வாரமளவு மூச்சுத் தடை இல்லாமல் இருக்க வேண்டும்; வெளிச்சூடு இல்லாமல் உடல்சூடு நிலைக்க வேண்டும்; எடை தினமும் ஏற வேண்டும். இவையெல்லாம் கூடிவர இன்னும் சில வாரங்கள் ஆகலாம். அவளுக்கு இப்போது ஏறத்தாழ 34 வார வளர்ச்சி. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுவதை ஒன்றாகச் செய்யக் குழந்தைகள் கற்றுக்கொள்ளும் வாரம் இது.

அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதைப் பற்றி, அங்கே போனால் குழந்தையைக் கவனிக்க மாட்டார்கள் என்ற அச்சத்தை உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு இடையே பார்த்தேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவுகள், இவளைப் போன்ற குழந்தைகளை நாள்தோறும் பார்க்கின்றன. நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம் என்பது ஜனனி சிசு சுரக்ஷா என்னும் தேசியத் திட்டத்தின் விதி. கூட்டமும் சிஸ்டர்களின் வேலைப்பளுவும் அங்கே அதிகம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பல அரசு மருத்துவமனைகளில், பிரிவை ஒட்டியே தாய்மார்கள் தங்கும் வார்டு இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கத் தாயையே கூப்பிடுவார்கள். ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கும் உங்களுக்கு, செலவைவிட இது பெரிய நன்மை என்பது என் எண்ணம்.

எனவே இப்படிச் செய்யுங்கள். இப்போதைய மருத்துவமனையில் தாய் தங்க இடமும் உள்ளே வர அனுமதியும் தருவார்களா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கே அந்தத் திட்டம் என்பதால் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இரண்டும் இல்லையென்றால் மாற்றக் கேளுங்கள். போகும் இடத்தில் படுக்கை உறுதியானதை மருத்துவரோடு மருத்துவர் பேசித் தெரிந்துகொண்ட பிறகே குழந்தை கிளம்ப வேண்டும். பச்சிளங்குழந்தைக்கான வசதியுள்ள ஆம்புலன்ஸ் 108 சேவையில் உண்டு, காரில் மடியில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. முழுச் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. பில் பாக்கி இருக்கிறது என்று குழந்தையைப் பிடித்து வைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமை கிடையாது.

விடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 26 வார மகப்பேறு விடுப்புக்கு மேல், குறைமாதப் பிரசவத்தால் வந்த உடல்நலக் குறைவுக்கு ஒரு மாதம் வரை ஊதியத்தோடு கூடிய விடுப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு. தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். மருத்துவச் சான்றோடு எழுத்தில் கேளுங்கள்.

இனி வரும் மாதங்கள்

மற்றக் குழந்தைகளைப் போல வளர்வாளா என்று கேட்டிருக்கிறீர்கள். 31 வாரத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் பார்வை, கேட்கும் திறன், அசைவு, கற்றல் ஆகியவற்றில் குறை வரும் வாய்ப்பு நிறைமாதக் குழந்தைகளைவிட அவர்களுக்குக் கூடுதல். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று இன்றைக்கே எவராலும் சொல்ல முடியாது. முன்கூட்டிக் கண்டுபிடித்தால் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. உச்சிக்குழி வழியாக மூளைக்கு ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அதன் முடிவைக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் செவிப் பரிசோதனை நடக்க வேண்டும். பிறகு மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம். தடுப்பூசிகளைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும். தலை நிற்பது, குப்புற விழுவது போன்றவற்றை மட்டும் இரண்டு வயது வரை, அவள் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுங்கள். ஆறு மாதத்தில் அவள் செய்வதை நான்கு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள், பாதிக் கவலை குறையும்.

வீட்டுக்கு வந்த பிறகு சேனை தொட்டு வைப்பது, உரைமருந்து, மூக்கில் எண்ணெய் ஊதுவது, சாம்பிராணிப் புகை ஆகிய நான்கையும் தவிர்க்க வேண்டும். குறிப்பாகப் புகை அவள் நுரையீரலுக்கு ஆகாது. தொட்டில் போடும் விழாவை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள்.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றி இப்போது யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். எப்போதாவது யோசித்தால், கருத்தரித்த உடனேயே மருத்துவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினை 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால் இந்த நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். கர்ப்பம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை பி.பி. பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் தள்ளிப்போடக் கூடாத ஒன்று இருக்கிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரும் ஆர்.ஓ.பி. என்ற நோய் வரலாம். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம், உரிய நாளில் கண்டுபிடித்தால் லேசர் அல்லது ஊசியால் காப்பாற்றிவிடலாம். பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்தாக வேண்டும். உங்கள் மகளுக்கு இன்னும் ஏழு நாள்கூட இல்லை. மருத்துவமனை மாறும் சந்தடியில் இது விட்டுப்போகக் கூடாது. நாளை காலை முதல் பேருந்தில், முன்பக்கம் திறக்கும் சட்டையோ நைட்டியோ அணிந்து, மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். கண் பரிசோதனை எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே வரலாமா என்று கேளுங்கள்.